அன்னா ஹால்ப்ரினின் மரத்தளமும் உங்கள் தென்னந்தோப்பும்

என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதியவர் பதினான்கு வருடம் பரதம் ஆடியவர். இப்போது சொல்லியும் கொடுக்கிறார். நடனம் தெரியாதவர்களும் வந்து கலந்துகொள்ளும்படி, இயற்கையை ஒட்டிய உடலசைவுப் பட்டறை ஒன்றை உருவாக்க ஆசைப்படுகிறார். 'சொமாட்டிக்' என்கிறார்களே, அதை எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி. கூடவே ஒரு குறையும் சொல்லியிருக்கிறார். போன மாதம் ஒரு தென்னந்தோப்பில் பத்துப் பேரைக் கூட்டி, "மரமாக மாறுங்கள், இப்போது காற்றாக மாறுங்கள்" என்று செய்துபார்த்தாராம். எல்லாரும் கையை உயர்த்தி அசைத்துவிட்டு, அடுத்து என்ன என்று இவர் முகத்தையே பார்த்தார்களாம்.

அவருக்கே சொல்கிறேன்: அவர்கள் மேல் தப்பில்லை. மரமாக மாறு என்றால் யாருக்கும் மரத்தின் படம்தான் மனதில் வரும். பள்ளி ஆண்டு விழாவில் அட்டை இலை கட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வரும். உங்களுக்கும் எனக்கும் நிலைமை இன்னும் மோசம். மயில் என்று யாராவது சொன்னால் போதும், மூளையைக் கேட்காமலே விரல் மயூர முத்திரைக்குப் போய்விடும். அது நம் பயிற்சியின் பலம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அபிநயம் என்பது பார்ப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. நீங்கள் நடத்த நினைக்கும் பட்டறையில் பார்ப்பவரே கிடையாது. வெளியில் இருப்பது உடலுக்குள் வந்து சேர வேண்டும். போக்கு அப்படியே தலைகீழ்.

சொமாட்டிக் என்ற சொல்லை இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ஹன்னா என்ற அமெரிக்கர், 1970களில். கிரேக்க மொழியில் 'சோமா' என்றால் உடல். உள்ளிருந்து உணரப்படும் உடல் என்று அதற்கு அவர் அழுத்தம் கொடுத்தார். விளக்கம் வேண்டாம், இப்போதே செய்துபாருங்கள். கண்ணாடி முன் அரைமண்டியில், அதாவது முட்டியை இருபுறமும் விரித்துப் பாதி மடக்கி, உட்காருங்கள். முட்டி எவ்வளவு விரிந்திருக்கிறது, முதுகு நேரா என்று கண் கணக்குப் போடும். இனி கண்ணை மூடிக்கொண்டு அதே அரைமண்டியில் இருங்கள். எடை குதிகாலிலா, பெருவிரல் அடியிலா? இரண்டு காலிலும் சமமா? மூச்சு எங்கே முட்டுகிறது? முதலில் பார்த்தது உருவம், இரண்டாவதில் கிடைத்தது சோமா. இத்தனை வருடம் ஆடிய பிறகும் என் வலது கால்தான் எப்போதும் அதிகம் சுமக்கிறது என்று எனக்குத் தெரிந்தது இப்படிக் கண்ணை மூடிய பிறகுதான்.

சரி, இயற்கை இதில் எப்படி வருகிறது? இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒருவர் கதையைச் சொல்கிறேன். நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை 1950களிலேயே எதிர்கொண்டு, அடுத்த அறுபது வருடம் அதற்குப் பதில் தேடியவர் அவர்: அமெரிக்க நடனக் கலைஞர் அன்னா ஹால்ப்ரின். 1920இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார், 2021இல் நூறு வயதில் கலிஃபோர்னியாவில் இறந்தார்.

அவருக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக வாய்த்தவர் மார்கரெட் ஹெச்'டப்ளர். உயிரியல் படித்துவிட்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். நடனக் கலைஞரே அல்ல. ஆனால் அமெரிக்காவில் நடனத்துக்கென்று முதல் பட்டப்படிப்பு 1926இல் அவர் முயற்சியில்தான் வந்தது. அவர் வகுப்பில் வாத்தியார் ஆடிக்காட்ட, பிள்ளைகள் பார்த்துச் செய்வது என்ற பழக்கமே கிடையாது. ஒரு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, இந்த மூட்டு எப்படியெல்லாம் திரும்பும் என்று காட்டுவார். அப்புறம் எல்லாரையும் தரையில் படுக்கச் சொல்லுவார். நிற்கும்போது உடம்பைத் தூக்கிப் பிடிப்பதிலேயே தசைகளின் கவனம் போய்விடும். படுத்தால் அந்தச் சுமை இறங்கி, மூட்டுகள் தம் வேலையை மட்டும் பார்க்கும். யார் எந்த அசைவைக் கண்டுபிடிக்கிறார்களோ அது அவர்களுடையது. 'தெய்யா தெய்' என்று ஆசானின் தட்டுக்கழித் தாளத்தில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்தப் பின்னணியோடு வந்த அன்னா 1955இல் நியூயார்க்கில் ஒரு நடன விழாவில் ஆடினார். அங்கே பார்த்தது அவருக்குக் கசந்துபோனது. ஒவ்வொரு குழுவும் அதனதன் ஆசான் மாதிரியே ஆடியது. மார்த்தா கிரஹாமின் சாயல் ஒரு பக்கம், டோரிஸ் ஹம்ஃப்ரியின் சாயல் இன்னொரு பக்கம். தன் ஆட்டமும் யாருடைய சாயல் என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். திரும்பி வந்து அவர் நின்ற இடம் ஒரு மரத்தளம்.

அந்தத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பாடம் அதில்தான் இருக்கிறது. அவர் கணவர் லாரன்ஸ் ஹால்ப்ரின் நிலவடிவமைப்புக் கலைஞர். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கென்ட்ஃபீல்டில், டமல்பைஸ் மலைச் சரிவில் அவர்கள் வீடு. இரண்டு சின்னப் பெண் குழந்தைகளை விட்டுவிட்டு ஊருக்குள் போய் ஒத்திகை பார்ப்பது அன்னாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் வீட்டுக்குக் கீழே, மரங்களுக்கு நடுவில், ஒரு திறந்தவெளி ஆடுதளத்தை லாரன்ஸ் கட்டிக்கொடுத்தார். மேடை ஒளியமைப்பில் பேர்பெற்ற ஆர்ச் லாட்டரர் அதற்குத் துணை. 1950களின் முற்பாதியில் முடிந்த வேலை. மரத்தை வெட்டிச் சதுரமாகக் கட்டவில்லை. மரம் நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று தளத்தின் ஓரங்களை வளைத்து, ஒடித்து, ஒழுங்கற்ற வடிவத்தில் போட்டார்கள். ரெட்வுட் மரங்களும் பட்டை உரிந்து சிவந்து நிற்கும் மட்ரோன் மரங்களும் சுற்றிலும்.

இப்போது ஒரு மேடைக் கலைஞராக அதில் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் எது? தெரியாது. சபை எங்கே? இல்லை. மேடையின் நடு எது? வடிவமே கோணல் என்பதால் நடுவும் இல்லை. நமஸ்காரம் செய்ய எந்தத் திசையில் நிற்பது என்றே குழம்பும். மேலே கூரை கிடையாது. மேகம் போனால் தரையில் வெளிச்சம் மாறும், பறவை ஒன்று குறுக்கே பறந்தால் கண் அதன் பின்னால் போகும். ஆட்டத்துக்குச் சட்டகமாக இருந்த நான்கு விளிம்பும் போய்விட்டன. அன்னா மலையைப் பார்த்து மலை மாதிரி ஆடவில்லை. அந்த இடத்தில் வேலை செய்யச் செய்ய, பழைய பழக்கங்களுக்குப் பிடிப்பு இல்லாமல் போயிற்று. இடம் அவர் உடம்பை மாற்றியது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான்.

1960 கோடையில் அந்தத் தளத்தில் அவர் நடத்திய பட்டறைக்கு சிமோன் ஃபோர்டி, ட்ரிஷா பிரவுன், இவோன் ரெய்னர் மூன்று பேரும் வந்திருந்தார்கள். பிறகு நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் 1962 முதல் அமெரிக்க நடனத்தையே புரட்டிப்போட்ட கூட்டத்தில் பிரவுன், ரெய்னர் பெயர்கள் முன்வரிசையில் இருக்கும். அன்னா அவர்களுக்கு அசைவுகளைக் கற்றுத் தரவில்லை, வேலை கொடுத்தார். துடைப்பத்தால் தரையைக் கூட்டுவது மாதிரி சாதாரண வேலை. ட்ரிஷா பிரவுன் அந்தத் துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டே போனவர், அதன் உந்தலிலேயே தரையிலிருந்து கிளம்பி ஒரு கணம் அந்தரத்தில் படுக்கைவாட்டில் இருந்தார் என்று கூட இருந்தவர்கள் பல வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழகாக ஆடு என்று சொல்லியிருந்தால் அது வந்திருக்காது. கையில் வேலை இருந்ததால் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற யோசனைக்கு இடமில்லை.

சிமோன் ஃபோர்டி இன்னொரு விதத்தில் உங்களுக்கு முக்கியம். 1960களின் கடைசியில் ரோம் நகரில் இருந்தபோது அவர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் மணிக்கணக்கில் விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் கரடி தலையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வீசுவது, திரும்பும் இடத்தில் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, இவற்றைத்தான் தன் உடம்பில் வாங்கிப் பார்த்தார். கரடியின் முகம், கரடியின் உறுமல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. போலச் செய்வதே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். எதைப் போலச் செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்: தோற்றத்தையா, அது நடக்கும் விதத்தையா?

லாரன்ஸும் தம் துறையில் இதையேதான் செய்தார். சியரா மலைகளில் ஓடைகள் பாறையில் விழுந்து பிரிந்து சேருவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர், போர்ட்லண்ட் நகரின் லவ்ஜாய் நீரூற்றை 1960களில் கட்டினார். அதில் ஒரு பாறையும் கிடையாது, எல்லாம் கோணம் கோணமான கான்கிரீட் படிகள். ஆனால் தண்ணீர் மட்டும் மலையில் விழுவது போலவே விழுகிறது; ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பாறை ஒட்டிய நம்மூர் ஹோட்டல் நீர்வீழ்ச்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் புரியும். "மரமாக மாறுங்கள்" என்பது அந்தப் பிளாஸ்டிக் பாறை.

கணவனும் மனைவியும் 1966 கோடையில் நடனக்காரர்களையும் கட்டடக் கலைஞர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பட்டறை நடத்தினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பது, சீ ராஞ்ச் கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கிக் குடியிருப்பு மாதிரி ஒன்றைக் கட்டுவது என்றெல்லாம் செய்தார்கள். இந்த அனுபவங்களிலிருந்து லாரன்ஸ் வகுத்த முறைதான் ஆர்எஸ்விபி, 1969இல் புத்தகமாக வந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையில் என்ன இருக்கிறது (இடம், ஆட்கள், நேரம், வெயில், பயம், முட்டிவலி எல்லாமே கணக்கு), என்ன செய்யப் போகிறோம் என்ற குறிப்பு, அதாவது ஸ்கோர், செய்தல், செய்ததைப் பார்த்து அடுத்து என்ன மாற்றலாம் என்று பேசுதல். இந்த நான்கும் சுற்றிச் சுற்றி வரும், எங்கிருந்தும் தொடங்கலாம்.

இதில் ஸ்கோர்தான் உங்கள் கைத்தொழில். என்ன செய்ய வேண்டும் என்பது துல்லியமாக இருக்க வேண்டும், எப்படிச் செய்வது என்பதை வந்தவரிடம் விட்டுவிட வேண்டும். "காற்றாக மாறுங்கள்" என்பதில் என்ன செய்வது என்பதே இல்லை, அதனால்தான் பத்துப் பேரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அதே தோப்புக்கு நான் பயன்படுத்துகிற ஸ்கோர் ஒன்றைச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு தென்னை. முதுகைத் தண்டில் சாய்த்து, குதிகாலை ஓர் அடி முன்னால் வைத்து நிற்க வேண்டும். கண் மூடியிருக்கட்டும். இருபது மூச்சு வரை ஒன்றும் செய்ய வேண்டாம், எடையை மரத்துக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். முதல் ஐந்தாறு மூச்சில் யாரும் உண்மையில் சாய்ந்திருக்க மாட்டார்கள். தோள்பட்டை தண்டைத் தொட்டிருக்கும், இடுப்பும் தொடையும் உஷாராகவே இருக்கும். பத்தாவது மூச்சு வாக்கில் தொடை விட்டுக்கொடுக்கும், மரத்தின் வளையங்கள் முதுகில் அழுந்துவது தெரியும். அப்புறம் ஒரு காற்று வரும். தென்னை அடியில் அசையாது என்றுதான் நாம் நினைத்திருப்போம். நெட்டை மரமாக இருந்து, நல்ல காற்றும் அடித்தால், மிக மெல்லிய ஆட்டம் ஒன்று தண்டு வழியாக இறங்கி முதுகுக்கு வரும். சிலர் சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவார்கள். ஒரு முறை வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், "யாரோ பின்னாலிருந்து தள்ளினாங்க" என்று திரும்பிப் பார்த்தார்.

அந்த இடத்தில் ஸ்கோரின் அடுத்த வரி: மரம் கொடுக்கும் அசைவை முதுகுத்தண்டில் அனுமதியுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பத்து நிமிடம். பிறகு மெல்ல மரத்தை விட்டு ஓர் அடி தள்ளி வந்து, அதே அசைவு உடம்பில் மிச்சம் இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். கையை யாரும் தூக்க மாட்டார்கள். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் பத்துப் பேரும் தோப்போடு சேர்ந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அன்றைக்கு எதிர்பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் உடனே "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "சூப்பரா இருந்துச்சு" என்பார்கள், கதை முடிந்தது. அன்னா படம் வரையச் சொல்லுவார், படத்தை வைத்து மறுபடி ஆடச் சொல்லுவார், அதன் பிறகுதான் பேச்சு. ஒரு தாள், இரண்டு கிரேயான், மூன்று நிமிடம் போதும். வரையத் தெரியாதவர்கள்தான் இதில் நேர்மையாக வரைகிறார்கள்.

படம் வரைவது என்றதும் அன்னாவின் வாழ்க்கையில் எல்லாரும் சொல்லும் சம்பவம் ஒன்று வரும். 1972இல், தன் உருவத்தை வரையும் பயிற்சியில் இடுப்புக்கூட்டுப் பகுதியில் ஓர் உருண்டையை வரைந்தார். அதை ஆட முடியாமல் மனம் மறுத்தது. மருத்துவரிடம் போனபோது அங்கே புற்றுநோய்க் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, சில வருடத்தில் நோய் திரும்பியும் வந்தது, அதையும் தாண்டி இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். பிறகு புற்றுநோய் உள்ளவர்களோடும் எய்ட்ஸ் உள்ளவர்களோடும் நிறைய வேலை செய்தார். இதை மேற்கோள் காட்டி "நடனம் நோயைத் தீர்க்கும்" என்று நோட்டீஸ் அடிப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவருக்குக் கத்தி வைத்த மருத்துவரும் அந்தக் கதையில் இருக்கிறார். உடம்பு சொல்வதைக் கேட்கப் பட்டறை உதவும், அதற்கு மேல் வாக்குக் கொடுக்கும் தகுதி நமக்கு இல்லை. யாராவது நடுவில் அழுதால் பதறவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம். தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, கூட ஒருவர் இருந்தால் போதும். தொடுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். நட்டுவனார் முட்டியைத் தட்டித் திருத்துகிற உரிமை இங்கே கிடையாது.

நடனம் தெரியாதவர்களையும் சேர்க்க வேண்டும் என்றீர்களே, அதற்கு அவருடைய பிற்கால வேலையைப் பார்க்கலாம். 1978இல் மகள் டாரியாவோடு டமல்பா என்ற நடனப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த வருடங்களில் டமல்பைஸ் மலைப்பாதைகளில் பெண்கள் அடுத்தடுத்துக் கொலை செய்யப்பட்டார்கள்; பாதைகள் மூடப்பட்டன, மலை பயத்தின் இடமாகிவிட்டது. 1981இல் ஊர்க்காரர்களோடு சேர்ந்து, மலையை மீட்டுக்கொள்வதற்கென்றே ஒரு சடங்கு நடனத்தை அன்னா நடத்தினார். அதே வருடம் கொலையாளி பிடிபட்டான். ஆடியதால்தான் பிடிபட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து வளர்ந்த பிளானட்டரி டான்ஸ் இன்னும் வருடா வருடம் பல நாடுகளில் நடக்கிறது. அதன் ஸ்கோரை ஒரு குழந்தைக்கும் சொல்லிவிடலாம்: வட்டத்துக்குள் வட்டம். யாருக்காக, எதற்காக ஓடுகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு முரசு அடிக்கு ஓடலாம், ஓட முடியாதவர் நடக்கலாம், நடக்க முடியாதவர் நடுவில் நிற்கலாம். மூட்டுவலிக்காரரையும் மாரத்தான் ஓடுபவரையும் ஒரே ஆட்டத்தில் சேர்க்க இதைவிட எளிய வழி நான் பார்க்கவில்லை. கும்மி அடித்தவர்களுக்கு இந்த வட்டம் புதிதும் அல்ல.

அன்னா ஒருவர்தான் என்று இல்லை. ஜப்பானில் நடனக் கலைஞர் மின் தனகா 1985 முதல் ஹகுஷு கிராமத்தில் வயல் வேலையையே நடனப் பயிற்சியாக வைத்தார். கடுமையான வழி, எல்லாருக்கும் சரிப்படாது. ஜாவாவின் சோலோ நகரில் சுப்ரப்தோ சூர்யோதர்மோ 2019இல் இறக்கும் வரை 'அமெர்தா' என்ற பெயரில் தோட்டத்திலும் பழைய கோயில்களிலும் உடலசைவுப் பயிற்சி நடத்தினார். நம் அழகியலுக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் பரதத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூட்டை கட்டி வைக்க வேண்டாம். மணலில் தட்டடவு, அதாவது பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அடவு, போட்டுப் பாருங்கள்: சத்தம் வராது, மணல் உள்வாங்கிக்கொள்ளும், காலை இழுக்கத் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். ஈர மணலில், காய்ந்த மணலில், கடல் பக்கம் சரிந்த மணலில் அதே அடவு மூன்று விதமாக மாறும். சரிவில் அரைமண்டி இருந்தால் இரண்டு முட்டியும் ஒரே அளவு மடங்காது; பழகிய சமச்சீர் உடைந்து, இடுப்பு புதிதாக ஒரு வழி தேடும். இப்படி மூன்று மாதம் தனியாகச் செய்து நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பட்டறையின் சரக்கு அதிலிருந்துதான் வரும், என் தென்னை ஸ்கோரிலிருந்து அல்ல.

அப்புறம் சில்லறை விஷயங்கள். பத்துப் பேர் சரியான எண்ணிக்கை, பதினைந்துக்கு மேல் தனியாகச் சமாளிக்க முடியாது. முந்தின நாளே போய் வெறுங்காலில் முழு இடத்தையும் நடந்துவிடுங்கள். நெருஞ்சி, கண்ணாடிச் சில்லு, சிவப்பெறும்புப் புற்று எல்லாம் உங்கள் காலுக்கு முதலில் தெரியட்டும். கண்ணைக் கட்டி நடக்கும் பயிற்சிக்கு இருவர் இருவராக, ஒருவர் கண் திறந்து துணைக்கு வர வேண்டும். தோப்புக்காரரிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து ஊர் கூடிவிடும். தென்னை என்பதால் காய் வெட்டின மறுநாளாகப் பார்த்துத் தேதி வையுங்கள், காய்ந்த மட்டை தொங்கும் மரத்தடியில் யாரையும் நிறுத்தாதீர்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் வெயில் ஏறிவிடும், பசியும் வந்துவிடும்.